எகேரியா அம்மையாரின் யாத்திரை



புண்ணியத் தலங்களைத் தேடிக் கூட்டமாகப் புறப்படுவது எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம். தைப்பூசம் வந்தால் பத்துமலைக்கும் பினாங்குத் தண்ணீர்மலைக்கும் காவடியோடும் பால்குடத்தோடும் போகிறோம். இஸ்லாமிய அன்பர்கள் மக்காவுக்குச் செல்கிறார்கள். தோட்டப்புறத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஜூலை மாதத்தில் பஸ் பிடித்து, சோறு கட்டிக்கொண்டு, புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்குப் போகின்றன.

இன்றைய உரையில் நாம் காணவிருப்பது சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கிறிஸ்தவ யாத்திரை. போனவர்களுள் ஒருவர் தம் பயணத்தைத் தம் கைப்பட எழுதி வைத்தார். அவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் எகேரியா. அவர் என்ன பார்த்தார் என்பது ஒரு செய்தி. பார்த்ததை எப்படிச் சொன்னார் என்பது அதைவிடப் பெரிய செய்தி.

முதலில் காலப் பின்னணியைத் தெரிந்துகொள்வோம். இயேசு பெருமான் வாழ்ந்த நாடு அப்போது ரோமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. கிறிஸ்தவர்கள் சுமார் 300 ஆண்டுகள் அவ்வப்போது துன்புறுத்தப்பட்டார்கள். கி.பி. 313-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில்தான் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது. அதன்பின் பேரரசரின் தாயார் எலேனா முதிர்ந்த வயதில் பாலஸ்தீன நாட்டுக்குச் சென்றார். பெத்லகேமிலும் ஒலிவ மலையிலும் கோவில்கள் எழும்பின. எருசலேமில் இயேசுவின் கல்லறை என்று மக்கள் போற்றிய குகையின்மீதும், அவர் சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதா மேட்டை ஒட்டியும் பெரிய ஆலயம் கட்டப்பட்டு, 335-ஆம் ஆண்டில் நேர்ந்தளிக்கப்பட்டது.

கோவில் எழும்பினால் பாதையும் திறக்கும் அல்லவா? 333-ஆம் ஆண்டிலேயே, இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள போர்டோ என்னும் ஊரிலிருந்து ஒருவர் தரைவழியாக எருசலேம் போய் வந்திருக்கிறார். அவர் விட்டுச் சென்ற குறிப்பு பெரும்பாலும் ஊர்ப் பெயர், மைல் கணக்கு, குதிரை மாற்றும் இடம், இரவு தங்கும் சத்திரம் என்றே போகிறது. அதன்பின் ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்டவர்தான் எகேரியா.

இவருடைய எழுத்து நம் கைக்குக் கிடைத்த கதை சுவையானது. 1884-ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள அரெஸ்ஸோ நகரத்து நூலகம் ஒன்றில் கமுர்ரினி என்னும் அறிஞர் பழைய தோல் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். 11-ஆம் நூற்றாண்டில் மொந்தே கசினோ மடத்துத் துறவிகள் படியெடுத்த சுவடி ஒன்று அவர் கையில் பட்டது. அதில் இலத்தீன் மொழியில் ஒரு யாத்திரைக் கடிதம் இருந்தது. முன்பகுதி இல்லை, கடைசிப் பகுதியும் இல்லை, நடுவிலும் சில ஏடுகள் விழுந்துவிட்டன. எழுதியவர் பெயரும் போய்விட்டது.

முதலில் அறிஞர்கள் வேறொரு பெண்மணியின் பெயரைச் சொன்னார்கள். 1903-இல் ஃபெரோத்தான் என்னும் பிரெஞ்சுத் துறவி ஒரு சான்றைக் காட்டினார். ஸ்பெயின் நாட்டில் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வலேரியுஸ் என்ற துறவி, தம் மடத்தாருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பெண்மணியைப் புகழ்ந்திருந்தார். மேற்கு மாக்கடலின் கரையிலிருந்து புறப்பட்டு, சீனாய் மலை ஏறி, கிழக்கு நாடுகளையெல்லாம் கண்டவர் என்று அவர் வருணித்த பயணமும் இந்தச் சுவடியில் உள்ள பயணமும் பொருந்தின. அந்தப் பெண்மணியின் பெயர்தான் எகேரியா. ஏடுகளுக்கு ஏடு எழுத்து மாறுவதால் எத்தேரியா என்றும் சொல்வதுண்டு.

ஆண்டைக் கண்டுபிடித்ததும் ஒரு துப்பறியும் வேலைதான். நிசிபிஸ் என்ற எல்லை நகருக்கு அப்பால் ரோமானியர் போக முடியாது, அது பாரசீகர் கையில் இருக்கிறது என்று எகேரியா எழுதுகிறார். நிசிபிஸ் பாரசீகர் கைக்குப் போனது 363-இல். ஆகவே பயணம் அதற்குப் பிந்தியது. வழியில் மூன்று ஊர்களில் தாம் சந்தித்த ஆயர்கள் விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டவர்கள் என்றும் குறிப்பிடுகிறார். அந்த ஆயர்கள் பதவியில் இருந்த காலத்தையும் பிற குறிப்புகளையும் ஒப்பிட்டு, எகேரியா எருசலேமுக்கு வந்தது 381, திரும்பப் புறப்பட்டது 384 என்று 1967-ஆம் ஆண்டில் தெவோஸ் என்ற அறிஞர் நிறுவினார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை ஏற்கிறார்கள்.

எகேரியா ஊரில் இருந்த தம் சகோதரிகளை விளித்து இதை எழுதுகிறார். இரத்த உறவா, மடத்துச் சகோதரிகளா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், வர முடியாமல் வீட்டில் இருந்துவிட்டவர்களுக்காக எழுதிய கடிதம் அது. கப்பலேறி வந்தவர்கள் ஊருக்குக் காகிதம் போட்டதை அறிந்த நமக்கு அந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

அவர் தனியாகப் பயணம் செய்யவில்லை. நாங்கள் போனோம், நாங்கள் பார்த்தோம் என்றே கடிதத்தில் மிகுதியும் வருகிறது. உடன் வந்தவர்கள் உண்டு. அந்தந்த ஊர்க் குருக்களும் துறவிகளும் வழிகாட்டிகளாகச் சேர்ந்துகொண்டார்கள். எகிப்துக்கும் சீனாய்க்கும் இடைப்பட்ட ஆபத்தான பாதையில் ரோமானியப் படைவீரர்கள் கோட்டைக்குக் கோட்டை துணைக்கு வந்தார்கள். பொதுச்சாலையை அடைந்ததும், இனித் துணை தேவையில்லை என்று அவர்களை அனுப்பிவிட்டார்கள்.

போகுமிடமெல்லாம் இந்தக் கூட்டம் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்தது. ஓர் இடத்தை அடைந்ததும் முதலில் செபம். பிறகு, அந்த இடத்தில் நடந்ததாக வேதாகமம் கூறும் பகுதியை எடுத்து உரக்க வாசிப்பார்கள். அதற்குப் பொருத்தமான சங்கீதம் ஒன்றைப் பாடுவார்கள். மீண்டும் செபம் செய்து முடிப்பார்கள். புத்தகத்தில் படித்ததை அதே மண்ணில் நின்று மறுபடி கேட்பதே அவர்கள் தேடிச் சென்ற பேறு.

இனி, அவர்கள் கண்ட இடங்களில் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது சீனாய் மலை. மோசே இறைவனிடம் பத்துக் கட்டளைகளைப் பெற்ற இடம் என்று கிறிஸ்தவர்கள் போற்றும் மலை இது. உயரம் 2285 மீட்டர். எகேரியாவின் குழு சனிக்கிழமை மாலை அடிவாரத்துத் துறவிகளின் குடில்களை அடைந்து தங்கியது. ஞாயிறு விடியலில் ஏறத் தொடங்கினார்கள். சுற்றிச் சுற்றிப் போகும் பாதை இல்லை. சுவரில் ஏறுவதுபோல் நேராக ஏறவேண்டியிருந்தது என்கிறார் அம்மையார். காலை பத்து மணி அளவில் உச்சியை அடைந்தார்கள். அங்கே சிறிய கோவில் ஒன்று இருந்தது. வழிபாடு முடிந்ததும் துறவிகள் அந்த மலையில் விளைந்த பழங்களைக் கொடுத்தார்கள். கீழே இறங்கி, மோசே கண்ட எரியும் முட்செடி என்று காட்டப்பட்ட செடியையும் பார்த்தார்கள். பிற்காலத்தில், 6-ஆம் நூற்றாண்டில், பேரரசர் ஜஸ்டினியன் அந்த இடத்தில் கட்டிய மடம் இன்றும் புனித கத்தரீனாள் மடம் என்ற பெயரில் இருக்கிறது.

அடுத்தது நேபோ மலை. இன்றைய ஜோர்டான் நாட்டில் உள்ளது. வாக்களிக்கப்பட்ட நாட்டை மோசே தூரத்திலிருந்து பார்த்துவிட்டு உயிர் நீத்த மலை இது. அடிவாரத்து ஊரிலிருந்து இடம் தெரிந்த குரு ஒருவர் உடன் வந்தார். பாதி வழி கழுதைமேல். செங்குத்தான இடங்களில் நடை. உச்சியில் இருந்த கோவிலுக்குள் கல்லறை அளவில் சற்று உயர்ந்த ஓர் இடம் இருந்தது. அது என்ன என்று எகேரியா கேட்கிறார். மோசேயை வானதூதர்கள் இங்கே அடக்கம் செய்தார்கள், எங்களுக்கு முன்னிருந்த பெரியவர்கள் எங்களிடம் சொன்னார்கள், நாங்கள் உங்களிடம் சொல்கிறோம் என்ற பொருள்பட அங்கிருந்தவர்கள் பதில் கூறுகிறார்கள். மோசேயின் கல்லறை எங்கே என்று எந்த மனிதனுக்கும் தெரியாது என்பது வேதாகமத்தின் கூற்று. எகேரியா தமக்குச் சொல்லப்பட்டதை, சொன்னவர்கள் யார் என்பதோடு எழுதி வைக்கிறார். 1933-இல் தொடங்கிய அகழாய்வில் பழைய கோவிலின் அடித்தளங்கள் அந்த உச்சியில் வெளிப்பட்டன.

இதே நேபோ மலையில்தான் நாம் மிகவும் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. சோதோம் நகரம் அழிந்தபோது திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவி உப்புத் தூணானாள் என்பது வேதாகமக் கதை. அந்தத் தூண் நின்ற இடத்தை உச்சியிலிருந்து கைநீட்டிக் காட்டினார்கள். இவ்வளவு தூரம் வந்தவர், ஊரில் காத்திருக்கும் சகோதரிகளிடம் அந்தத் தூணைக் கண்டேன் என்று சொல்ல ஆசைப்பட்டிருக்க மாட்டாரா? சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் எகேரியா எழுதுவது வேறு. இடத்தை மட்டுமே பார்த்தோம், தூண் எதுவும் கண்ணில் படவில்லை, உங்களை ஏமாற்ற மாட்டேன் என்று உடைத்துச் சொல்லிவிடுகிறார். சில ஆண்டுகளுக்கு முன்பே தூண் மறைந்துவிட்டதாக அவ்வூர் ஆயர் சொன்ன செய்தியையும் சேர்த்து எழுதுகிறார்.

நேயர்களே, பக்தி மிகுந்த ஓர் உள்ளம் உண்மையையும் விட்டுக்கொடுக்காமல் இருந்ததற்கு இது நல்ல சான்று. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று அவர் சொன்னதால்தான், பார்த்தேன் என்று அவர் சொல்வதை நாம் நம்ப முடிகிறது.

அவருக்கும் எல்லை உண்டு. சீனாய் உச்சியிலிருந்து எகிப்து, செங்கடல், அலெக்சாந்திரியா வரை நீளும் கடல் எல்லாம் காலடியில் தெரிந்தன என்கிறார். அந்தக் கடல் உச்சியிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில் உள்ளது. துறவிகள் ஒவ்வொரு திசையாகக் காட்டினார்கள் என்று அவரே எழுதியிருப்பதால், காட்டிய திசையைக் கண்ட காட்சியாகவே எடுத்துக்கொண்டார் என்று கருதலாம். நேர்மையான சாட்சியின் சொல்லையும் வரலாறு சரிபார்த்தே ஏற்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மூன்றாவதாக எதெஸ்ஸா நகரம். இன்று துருக்கி நாட்டில் உர்ஃபா என்ற பெயரில் இருக்கிறது. எருசலேமிலிருந்து 25 தங்குமிடத் தொலைவு என்று எகேரியா கணக்குச் சொல்கிறார். அங்கே அவர் தேடிச் சென்றது திருத்தூதர் தோமையாரின் திருத்தலத்தை. தமிழராகிய நமக்கு இங்கே ஒரு தொடர்பு இருக்கிறது. தோமையார் இந்தியாவுக்கு வந்து மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்பது தொன்றுதொட்டு வரும் மரபு. அவருடைய எலும்புகள் இந்தியாவிலிருந்து எதெஸ்ஸாவுக்குக் கொண்டுவரப்பட்டன என்று அந்நகரத்தில் வாழ்ந்த புலவர் எபிரேம் தம் பாடல்களில் குறித்திருக்கிறார். எபிரேம் இறந்தது 373-இல். அதன்பின் பதினொரு ஆண்டுகளில் மேற்குக் கடற்கரைப் பெண்மணி ஒருவர், நம் மூதாதையர் நாட்டோடு பெயர் பிணைந்த அந்தத் திருத்தூதரின் கோவிலில் நின்று செபித்திருக்கிறார்.

எதெஸ்ஸாவின் ஆயர் அவரை அன்போடு வரவேற்றார். உலகத்தின் கடைக்கோடியிலிருந்து இவ்வளவு தொல்லைப்பட்டு வந்தீர்களே என்று வியந்தார். அபுகார் மன்னனின் பழைய அரண்மனையையும், மீன்கள் துள்ளும் நீரூற்றுக் குளங்களையும் காட்டினார். உர்ஃபாவில் மீன் குளம் இன்றும் உண்டு. இப்போது இஸ்லாமியர்கள் அதை ஆபிரகாம் நபியோடு தொடர்புபடுத்திப் புனிதமாகப் போற்றுகிறார்கள். இயேசு அபுகார் மன்னனுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதத்தின் படியையும் ஆயர் கொடுத்தார். அந்தக் கடிதம் பிற்காலத்தில் புனையப்பட்டது என்பது இன்றைய ஆய்வாளர் முடிவு. எகேரியா காலத்தில் அதை ஊரே நம்பியது.

அருகிலுள்ள ஆரான் நகரம் ஆபிரகாம் குடியிருந்த ஊர். அங்கே கிறிஸ்தவர்கள் ஒருசில குருக்களும் துறவிகளும் மட்டுமே, மற்றவர்கள் எல்லாரும் வேறு சமயத்தார் என்று எகேரியா எழுதுகிறார். பேரரசு முழுதும் ஒரே நாளில் மதம் மாறிவிட்டது என்று எண்ணுவோருக்கு இந்த ஒரு வரிச் செய்தி நல்ல திருத்தம். இப்படிப்பட்ட சிறு குறிப்புகளால்தான் வரலாற்று ஆசிரியர்கள் இவரைப் போற்றுகிறார்கள்.

இனி எருசலேமுக்கு வருவோம். மூன்று ஆண்டுகள் அந்நகரைத் தம் இருப்பிடமாகக் கொண்டு எகேரியா பல திசைகளுக்கும் போய் வந்தார். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய பெரிய வாரத்தை அவர் நாள்தோறும், மணிதோறும் குறித்திருக்கிறார். குருத்து ஞாயிறன்று மக்கள் எல்லாரும் ஒலிவ மலைக்கு ஏறுகிறார்கள். மாலை ஐந்து மணி அளவில் பனை, ஒலிவக் கிளைகளை ஏந்தி நகருக்கு நடந்து இறங்குகிறார்கள். நடக்க முடியாத குழந்தைகளைப் பெற்றோர் தோளில் தூக்கி வருகிறார்கள். அந்தக் குழந்தைகளின் கையிலும் கிளை இருக்கிறது. மக்கள் சோர்ந்துவிடக் கூடாது என்று மெல்ல மெல்ல நடக்கிறார்கள்.

வியாழன் இரவு முழுவதும் ஒலிவ மலையில் விழிப்பு. விடியுமுன் இறங்கும்போது மக்களுக்கு வெளிச்சம் காட்ட 200-க்கும் மேற்பட்ட விளக்குகள். இயேசு கைதான கெத்செமனியில் அந்தப் பகுதியை வாசித்ததும் எழும் அழுகுரல் நகரம் வரை கேட்டிருக்கும் என்கிறார். பெரிய வெள்ளியன்று வெள்ளிப் பேழையிலிருந்து சிலுவை மரத்தை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். மக்கள் ஒவ்வொருவராக வந்து, நெற்றியாலும் கண்ணாலும் ஒற்றி, முத்தமிட்டுப் போவார்கள். கையால் தொட அனுமதி இல்லை. ஆயர் மரத்தின் இரு முனையையும் பிடித்துக்கொள்ள, திருத்தொண்டர்கள் சூழ்ந்து காவல் நிற்பார்கள். ஏன் தெரியுமா? முன்பு எவரோ ஒருவர் முத்தமிடுவதுபோல் குனிந்து ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாராம்! இதைத் தாம் கேள்விப்பட்டதாகவே எகேரியா எழுதுகிறார், பார்த்ததாகச் சொல்லவில்லை.

மொழி பற்றியும் அவர் தரும் தகவல் அரியது. எருசலேம் ஆயர் கிரேக்க மொழியிலேயே பேசுவார். உள்ளூர் மக்களில் பலருக்குத் தெரிந்தது சிரிய மொழி. ஆகவே குரு ஒருவர் பக்கத்தில் நின்று சிரிய மொழியில் பெயர்த்துச் சொல்வார். இரண்டும் தெரியாத இலத்தீன் மொழிக்காரர்கள் வருந்தாதபடி, கிரேக்கமும் இலத்தீனும் அறிந்த சகோதர சகோதரிகள் விளக்குவார்கள். வேற்றுமொழிக்காரர் என்று யாரும் வாசலில் நிறுத்தப்படவில்லை. புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவில் தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் என்று வழிபாடு நடப்பதைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி எளிதில் விளங்கும்.

384-இல் எகேரியா திரும்பப் புறப்பட்டார். இன்றைய துருக்கியின் தென்கரையில் புனித தெக்லாவின் திருத்தலத்துக்குச் சென்றார். அங்கே மார்த்தானா என்ற பெண் திருத்தொண்டரைச் சந்தித்தபோது இருவருக்கும் உண்டான மகிழ்ச்சியை எழுதி முடியாது என்கிறார். எருசலேமுக்கு யாத்திரை வந்தபோது அவருக்குப் பழக்கமானவர் மார்த்தானா. பிறகு கான்ஸ்டான்டினோபிள் நகரை அடைந்து, அங்கிருந்துதான் சகோதரிகளுக்குக் கடிதம் எழுதுகிறார். இன்னும் எபேசு நகருக்குப் போக எண்ணம் என்று கூறி, நான் உயிரோடு இருந்தாலும் இறந்தாலும் என்னை மறவாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். அவர் ஊர் திரும்பினாரா என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அவர் எழுத்து மட்டும் திரும்பியது.

எகேரியா ராணி அல்லர். போர் வென்றவர் அல்லர். ஆயினும் 4-ஆம் நூற்றாண்டு எருசலேமைப் பற்றி எழுதும் எவரும் இன்று அவரைக் கேட்காமல் எழுத முடியாது. கண்டதைக் கண்டேன் என்றும், கேட்டதை இன்னார் சொல்லக் கேட்டேன் என்றும், காணாததைக் காணவில்லை என்றும் பிரித்து எழுதியதே அதற்குக் காரணம்.

இந்தப் பாடம் நம் குடும்பங்களுக்கும் பொருந்தும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தாத்தா பாட்டிமார் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். தோட்டங்கள் பல கைமாறிவிட்டன, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, கோவில் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. தோட்டத்தில் இருந்தாலும், தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடியில் இருந்தாலும், வீட்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் நேரில் கண்டது முதல் பகுதி. பிறர் சொல்லக் கேட்டது இரண்டாவது பகுதி. அதில் சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். தெரியவில்லை, மறந்துவிட்டது என்று அவர்கள் சொல்வது மூன்றாவது பகுதி. அந்த மூன்றாவது பகுதியை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் முன்னிரண்டுக்கும் மதிப்பு.

பிள்ளைகள் எழுதட்டும், பெரியவர்கள் சொல்லட்டும்.